ஓடைக்கு அந்தப் பக்கம் அம்மன்

ஏறுங்க சாமி, முன்னாலயே உக்காருங்க. பின்னால பால் கேன் உருளும், வேட்டி நாறிப் போயிடும். பையை மடியில வச்சுக்குங்க. கோவில் கமிட்டிக்காரங்க கார் கொண்டு வந்து கூட்டிட்டுப் போறோம்னுதான் சொல்லியிருப்பாங்க. வருவாங்க, மெதுவா வருவாங்க. அவங்களுக்கு எல்லாமே மெதுவாத்தான். நான் மலையிலேருந்து தினம் இந்த மேடான் டவுனுக்குப் பால் இறக்க வர்றவன். ஊர்லேருந்து புதுப் பூசாரி வந்து இங்க டவுன் கோவில் ரூம்ல தங்கியிருக்கார்னு காதுல விழுந்துச்சு. இந்த மனுசனை நாம மொதல்ல பார்த்துடணும்னு ஓடியாந்தேன். அவங்க கார்ல ஏறினீங்கன்னா அவங்க கதையைத்தான் கேட்பீங்க.

என் பேரு அழகுமணி. மேல போனதும் யாராவது உங்களை ஓரமா கூட்டிட்டுப் போயி சொல்லுவாங்க, அழகுமணியா, அவன் கூடப் பொறந்த தம்பியைக் கொன்னவனாச்சேன்னு. சொல்லட்டும். கொன்னது நான் இல்ல. யாருன்னு நான் சொல்றேன், நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க. சாமி கும்பிடுற வாய், உங்க வாயில நியாயம்தான் வரும்.

எங்க முப்பாட்டன் புதுக்கோட்டைப் பக்கத்துலேருந்து இங்க புகையிலைத் தோட்டத்துல மாட்டுவண்டி ஓட்ட வந்தவர். தோட்டம் நொடிச்சதும் மாட்டைப் பத்திக்கிட்டு மலைக்கு ஏறிட்டாங்க. மேல புல்லுன்னா அப்படியொரு புல்லு. இந்த மலைக்குச் சொந்தக்கார காரோ ஆளுங்க கோசும் ஆரஞ்சும் போட்டாங்க, நாங்க பால் கறந்தோம். எங்க ஊருக்கு மேக்குடின்னு பேரு. முப்பாட்டன் கப்பல்ல வரும்போது வேட்டியில சுத்தி ஒரு அம்மனைக் கொண்டாந்தார். ஐம்பொன்னு. ஒரு சாண் உயரம்தான் இருப்பா, பார்த்தா எடுத்துக் கண்ணுல ஒத்திக்கணும் போல இருக்கும். அவளுக்கு வருசா வருசம் பூக்குழி. உங்களுக்குத் தெரியாததா? அந்த நாள்ல நெருப்புன்னு வாயால சொல்ல மாட்டோம். பூன்னுதான் சொல்லுவோம். பூ மலர்ந்துச்சா, பூ இறங்கியாச்சா. கரகத்தைத் தலையில வச்சு மொதல்ல இறங்குறவன் நான். எங்க அப்பாவுக்கு அப்புறம் நான்தான். என் உள்ளங்கால்ல ஒரு கொப்புளம் வந்து யாரும் பார்த்ததில்ல.

இந்த வளைவுல கொஞ்சம் கெட்டியா பிடிச்சுக்குங்க. வாந்தி வர்ற மாதிரி இருந்தா சொல்லுங்க, ஆரஞ்சுத் தோலு இருக்கு, மோந்து பார்த்தா சரியாயிடும்.

அதோ, தெரியுதா? முக்காடு போட்ட மாதிரி மேகத்துல தலையை மறைச்சுக்கிட்டு நிக்குதே, அதுதான் சிமுன் மலை. செத்த மலைன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நானூறு வருசமா மூச்சு இல்லன்னு டச்சுக்காரன் எழுதி வச்சிருந்தானாம். அதை நம்பித்தான் அது மடியில மாடு மேய்ச்சோம். இந்தப் பக்கம் ரோட்டுக்காக வெட்டின சுவரைப் பாருங்க. கறுப்பு, சாம்பல், கறுப்பு, சாம்பல்னு பட்டை பட்டையா இருக்கா? கறுப்பு மண்ணு. சாம்பல் ஒவ்வொண்ணும் அது ஒரு காலத்துல வெடிச்சது. ஒவ்வொரு சாம்பலுக்கு அடியிலயும் வீடும் ஆளும் கிடக்கும்னு வுலான் சொல்லும். வுலான் யாருன்னா, மலையைக் கண்காணிக்க ஒரு போஸ்ட் போட்டிருக்கான் கவர்மெண்டு, அதுல இருக்கிற ஜாவாப் பொண்ணு. படிச்ச பொண்ணு. படிச்சவங்களுக்கு எதைப் பார்த்தாலும் பயம். எனக்கு அதே சுவரைப் பார்த்தா வேற தோணும். ஒவ்வொரு சாம்பலுக்கு மேலயும் மறுபடி புல்லு மொளைச்சிருக்கே, அப்புறம் என்ன பயம்னு தோணும்.

அது முழிச்சது ஒரு புரட்டாசியில. மொதல்ல சாம்பல் மட்டும்தான். மாடு புல்லோட சாம்பலைத் தின்னு வயிறு ஊதிச் செத்துச்சு. கூரை மேல விழுந்த சாம்பல்ல மழை பட்டா சிமெண்டுக் கலவை மாதிரி கனத்துப் போகும். எங்க தொழுவம் ஒண்ணு அப்படியே மாட்டு மேல உட்கார்ந்துடுச்சு. உள்ள கிடந்து கத்தினது எல்லாம் கறவை மாடுங்க. இழுத்து எடுக்க வழியில்லாம அருவாளால அறுத்து முடிச்சது என் தம்பிதான். முடிச்சுட்டு உட்கார்ந்து அழுதான். அப்படி ஒரு மனசு அவனுக்கு. குழந்தைவேலுன்னு பேரு வச்சாங்க, குழந்தையாவே இருந்தான். நான் நில்லுன்னா நிப்பான்.

அடுத்த வருசம் உச்சியில கல்லுக் குழம்பு ஊறி, கட்டி வீங்குற மாதிரி வீங்கிக்கிட்டே வந்துச்சு. அந்தக் கட்டி உடைஞ்சு வர்றதுக்குப் பேருதான் அவான் பனாஸ். நம்ம பாஷையில சூட்டு மேகம். மேகம்னா மேல போகணும்ல? இது கீழ வரும். பஸ்ஸு போற வேகத்தை விட மூணு பங்கு வேகத்துல ஓடையைப் பிடிச்சுக்கிட்டு உருண்டு வரும். இடி மாதிரி சத்தம் கேட்கும்னு நினைப்பீங்க. பெருசா ஒண்ணும் கேட்காது. மூட்டை மூட்டையா அரிசி கொட்டுற மாதிரி ஒரு இரைச்சல், அவ்வளவுதான். அது தொட்ட மனுசன் கத்துறதுக்குள்ள நெஞ்சுக்குள்ள வெந்துடுவான்.

அன்னைக்குப் பட்டப்பகல். சைரன் அடிச்சுச்சு. பொம்பளைங்க பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டாங்க, ஆம்பளைங்க கன்னுக்குட்டிகளைத் தூக்கிக்கிட்டாங்க, ஓடைப் பாலத்தைத் தாண்டி ஓடினோம். தாண்டின பின்னால திரும்பிப் பார்த்தா பாலம் இல்ல, ஓடை இல்ல. எல்லாம் சாம்பல் நிறத்துல கொதிச்சுக்கிட்டு ஓடுது. ஓட முடியாத ரெண்டு கிழவங்களும், அவங்களை விட மாட்டேன்னு நின்ன ஒரு மருமகளும் அந்தப் பக்கமே போயிட்டாங்க. அப்புறம் பட்டாளம் ஹெலிகாப்டர்ல போயி எடுத்தப்ப கயித்துல கட்டியிருந்த மாடுங்க நின்ன வாக்குலயே செத்திருந்துச்சாம். தொட்டா தோலு கையோட வந்துச்சாம்.

அம்மனும் அந்தப் பக்கமே இருந்துட்டா. கோவில் மேட்டுல இருக்கிறதால அது அவளைத் தொடலை. கோவில் சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு கேட்கிறீங்களா? என் இடுப்புலதான். அந்த ஓட்டத்துல யாருக்கு என்ன ஞாபகம் இருக்கும்? ஊர்ல ஒருத்தன், ஒரே ஒருத்தன், அண்ணே அம்மனை எடுத்தியான்னு கேட்டிருந்தா எடுத்திருப்பேன். யாரும் கேட்கலை. அதை இன்னைக்கு வரைக்கும் யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

கண்ணாடியை ஏத்துங்க சாமி. தூசி வருது. சாதாரணத் தூசிதான்.

முகாம்ல கிடந்தோம். பங்குனி வந்துச்சு. காப்புக் கட்டணும், பூக்குழி இறங்கணும், அம்மன் அங்க பட்டினியா இருக்கா. என்னால சோறு திங்க முடியலை. கண்ணை மூடினா அவ என்னைப் பார்க்கிறா. ஓடைக்குப் போயிப் பார்த்தேன். மூணு வாரம் மழை பெஞ்சு, சாம்பல் மேல தோலு கட்டி, ஆத்து மணல் மாதிரி அழகா கிடக்கு. அகலம் எவ்வளவு இருக்கும்? நம்ம பூக்குழியை நீளவாக்குல ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா சில குழி போட்டா அவ்வளவுதான். அதைத் தாண்டினா கோவில்.

நான் அங்க நடமாடுறதைப் பார்த்துட்டு அந்த வுலான் மோட்டார் சைக்கிள்ல வந்து நின்னுச்சு. மேல ஆறினாலும் உள்ள மாசக்கணக்குல ஆறாதாம். மேல இருக்கிறது வெறும் ஓடுதானாம், உள்ள மாவு மாதிரி இருக்குமாம், கால் வச்சா உள்வாங்கிடுமாம். மழைத் தண்ணி உள்ள இறங்கி ஆவியா வெடிக்குமாம். சொல்லிட்டு சும்மா போகலை. பையிலேருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்து, மண்வெட்டியால முழங்கை ஆழம் தோண்டிப் புதைச்சுச்சு. கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருந்தோம், ஊரு எது, கல்யாணம் ஆச்சான்னு. அப்புறம் தோண்டி எடுத்து என் கையில குடுத்துச்சு. நல்லா வெந்திருந்துச்சு. உப்புத் தொட்டுச் சாப்பிட்டேன். சாப்பிட்டுட்டுக் கேட்டேன், ஏம்மா, இந்தக் கிழங்கு காப்புக் கட்டி விரதம் இருந்துச்சான்னு. அந்தப் பொண்ணு மண்வெட்டியை வண்டியில கட்டிக்கிச்சு. அழுற மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போயிடுச்சு.

நம்ம ஆளுங்களுக்கு இது புரியும் சாமி, அவங்களுக்கு எப்படிப் புரியும்? பூன்னா பூதான். குழியில கிடந்தாலும் பூ, ஓடையில கிடந்தாலும் பூ. அவ போட்ட பூ. தாண்டி வாங்கடான்னு கூப்பிடுறா.

தம்பிக்குக் காப்புக் கட்டினேன். நான் ஏன் இறங்கலைன்னு கேட்பீங்க. கேட்காதவன் இல்ல. எனக்கு அப்ப கால்ல சர்க்கரைப் புண்ணு. புண்ணோட பூ இறங்கக் கூடாதுன்னு முறை இருக்கு. அதோட, உடுக்கையடிச்சு அருளை இறக்குறதுக்கு ஒரு ஆளு கரையில வேணும், அதுக்கு என்னை விட்டா யாரு? தம்பி ஒண்ணுதான் கேட்டான், அண்ணே பவுனுகிட்ட சொல்லிட்டு வரட்டுமான்னு. பவுனம்மா அவன் பொண்டாட்டி. வேணாம்னேன். பொம்பளைங்க கண்ணீரு விரதத்துக்கு ஆகாது. மஞ்சத் துணி கட்டி, வேப்பிலையை வாயில கவ்விக்கிட்டு, சாவியை வாங்கி இடுப்புல செருகிக்கிட்டு நின்னான். என்னைப் பார்த்துச் சிரிச்சான்.

நான் குச்சியை ஊனிப் பார்த்தேன். இல்லைன்னு சொல்லலை. நுனியில லேசா புகைஞ்சுச்சு. காலைப் பனியா கூட இருக்கலாம். உடுக்கையை எடுத்தேன்.

போனான் சாமி. ராஜா மாதிரி போனான். மேல் தோலு தாங்குச்சு. பாதி தூரம் போயிட்டான், ஒரு வார்த்தை முனகலை. கணுக்கால் வரைக்கும் உள்ள போச்சு, அப்பவும் போனான். முழங்கால் வரைக்கும் போச்சு, அப்பவும் போனான். அருள் இல்லாம எவனால முடியும்? மஞ்சத் துணி ஓரத்துல தீப்பிடிச்சுச்சு, அதோட போனான். என் உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. இன்னும் கொஞ்ச தூரம்தான். அம்மன் தூக்கியிருப்பா அவனை.

அப்பதான் அவ வந்தா. பவுனம்மா. எவனோ போயி சொல்லியிருக்கான். மாட்டுக் கயித்தைக் கையில பிடிச்சுக்கிட்டு தலைமுடி அவிழ்ந்து ஓடியாந்து கரையில நின்னு கத்தினா. என்ன கத்தினா தெரியுமா?

"குழந்தவேலு."

புருசன் பேரை சாமி. கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு தடவை அந்தப் பேரை அவ வாயால யாரும் கேட்டதில்ல. ரேஷன் கடையில புருசன் பேரு என்னன்னு கேட்டா பக்கத்துல நிக்கிறவளைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுவா. அப்படிப்பட்டவ, அருள்ல நிக்கிறவனை, பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. பேரைச் சொன்னா அருள் இறங்கிடும்னு சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். அவன் திரும்பினான். திரும்பினவுடனே அவனுக்கு சூடு தெரிஞ்சுடுச்சு. அது வரைக்கும் அம்மன் பிள்ளையா இருந்தவன், அந்த நிமிசம் வெறும் மனுசனா ஆயிட்டான். ஓடு உடைஞ்சு இடுப்பு வரைக்கும் இறங்கிட்டான். உள்ளேருந்து வெள்ளையா ஆவி பீறிட்டு அடிச்சுச்சு. அவன் போட்ட சத்தம் மாடு அறுக்கிற சத்தம். அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. சோறு திங்கும்போது கேட்கும், பால் கறக்கும்போது கேட்கும்.

அவ இறங்கிட்டா. வெறும் காலோட கரையை விட்டு இறங்கி, கயிறு எட்டுற வரைக்கும் போயி வீசி, அவன் அக்குள்ல மாட்டி, மாட்டை இழுக்கிற மாதிரி இழுத்தா. தனியா இழுத்தா. நான் என்ன பண்ணினேன்னு கமிட்டியில கேட்டாங்க. நான் உடுக்கையை நிறுத்தலை. நிறுத்தக் கூடாது சாமி. நிறுத்தினா இருக்கிற கொஞ்ச நஞ்ச அருளும் போயிடும். உங்களுக்குத் தெரியும்ல?

ஆஸ்பத்திரியில வாழை இலையில கிடத்தி வச்சிருந்தாங்க. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்ல, எலும்பும் கரியும்தான். சில நாள் உயிரை வச்சுக்கிட்டு இருந்தான். கடைசி நாள் நான் பக்கத்துல போனேன். பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தவன்ல? என் கையைப் பிடிச்சான். "அண்ணே, அது பூ இல்லண்ணே"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். காய்ச்சல் மூளைக்கு ஏறிடுச்சுன்னு டாக்டர் சொன்னார். அதனாலதான் அப்படிப் பேசினான். காப்புக் கட்டினவன் புத்தியோட இருந்தா அப்படிச் சொல்லுவானா?

இதைப் பாருங்க, நெத்தியில தழும்பு. அவன் செத்த அன்னைக்கு, காலெல்லாம் கட்டோட அவ கட்டிலை விட்டு இறங்கி வந்தா. ஆஸ்பத்திரி வாசல்ல நான் வச்சிருந்த பால் கேனோட மூடியை எடுத்தா, அலுமினிய மூடி. ஒரே அடி. ரத்தம் கண்ணுக்குள்ள வழியுது, மறுபடி அடிக்கிறா. பல்லு ரெண்டு போச்சு. நம்ம ஆளுங்க ஓடியாந்து பிடிச்சாங்க. யாரைப் பிடிச்சாங்கன்னு நினைக்கிறீங்க? என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. அவளைப் பிடிக்கலை.

அன்னைக்கே முடிஞ்சுச்சு என் மரியாதை. கவர்மெண்டு வேற இடத்துல வரிசையா வீடு கட்டிக் குடுத்துச்சு, அங்க புதுசா ஒரு கோவில் கட்டினாங்க. சிமெண்டு அம்மன். பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்க. லாரி நிறுத்துற இடத்துல பூக்குழி, பக்கத்துலயே தண்ணி டேங்க், ஆம்புலன்ஸ். கரகம் தூக்கிக்கிட்டு மொதல்ல இறங்குறது யாரு தெரியுமா? அவதான். பவுனம்மா. தாலியறுத்தவ தலையில கரகம். வெந்து சுருங்கின அந்தக் காலை வச்சுக்கிட்டு நொண்டி நொண்டி இறங்குவா, ஊரே குலவை போடும். நான் பின்னால பால் கேனோட நிப்பேன், வந்தவங்களுக்கு மோரு ஊத்திக் குடுக்க. நாளைக்குக் காப்பு. நாளைக்கு உங்க கையால அவளுக்குக் காப்புக் கட்டிட்டீங்கன்னா கரகம் அவ குடும்பத்துக்கே நிரந்தரமா போயிடும். எங்க அப்பன் கரகம் சாமி அது.

ஆனா மூத்த அம்மன் வந்துட்டா? முப்பாட்டன் கொண்டாந்த ஐம்பொன் அம்மன் வந்து நின்னுட்டா சிமெண்டை யாரு கும்பிடுவா? கொண்டாந்தவன்கிட்ட கரகத்தைக் குடுக்காம இருக்க முடியுமா? எல்லாரும் என் கால்ல விழணும். விழ வேணாம், ஒரு வார்த்தை, அழகுமணி செஞ்சது சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். தம்பி செத்தது வீண் இல்லன்னு ஆயிடும்ல?

இங்க கொஞ்சம் குலுக்கும். தார் ரோடு அந்தப் பக்கம் போகுது, அதுல செக்போஸ்ட் இருக்கு, கயிறு கட்டி வச்சிருப்பாங்க. இது பழைய கோசுத் தோட்டத்து வழி. அந்த போர்டைப் பார்க்காதீங்க, மண்டையோடு போட்டா எல்லாரும் பயந்துடுவாங்கன்னு போட்டிருக்கான். காலி வீடுங்கதான், ஆளு இல்லாட்டி வீடு அப்படித்தான் இருக்கும்.

இறங்குங்க. வந்தாச்சு. இதுதான் ஓடை. அந்தப் பக்கம் மேட்டுல தகரக் கூரை தெரியுது பாருங்க, அதான் அவ வீடு. எத்தனை தடவை அந்த மேகம் வந்து போச்சு, ஒரு தகரம் பெயரலை. இல்லாத சக்தியா? நடுவுல ஒரு வருசம் வெள்ளம் வந்து பழைய சாம்பலையெல்லாம் அடிச்சுட்டுப் போயி வெறும் பாறையா கிடந்துச்சு, அப்ப போலீஸு விடலை. இப்பக் கிடக்கிற சாம்பல் போன மாசம் வந்தது. நல்லா மழை பெஞ்சு ஆறிடுச்சு. அங்கங்க வெள்ளையா எழும்புதே, அது பனி.

என் கால்ல புண்ணு இன்னும் ஆறலை சாமி. சர்க்கரை. இல்லாட்டி உங்களைக் கஷ்டப்படுத்துவேனா? நீங்க கடல் தாண்டி வந்த பூசாரி, புதுசா தீட்சை வாங்கின உடம்பு, உங்களை அவ தாங்குவா. பூட்டை உடைக்க இந்தக் கம்பியை வச்சுக்குங்க, சாவி தம்பி இடுப்போட போயிடுச்சு. காப்பு நான் கட்டுறேன், கையைக் காட்டுங்க. கையை ஏன் துண்டுக்குள்ள இழுத்துக்கிறீங்க? மலைக்குளிர் பழகலை, அதான். உடுக்கை சீட்டுக்கு அடியில இருக்கு, எடுத்துடுறேன்.

பேசின பேச்சுல உங்க பேரைக் கூட நான் கேட்டுக்கலை பாருங்க. வேணாம், சொல்லாதீங்க. இந்த மலையில உங்க பேரு தெரிஞ்ச ஆளு ஒருத்தரும் இல்ல. யாரும் கூப்பிட மாட்டாங்க. தைரியமா இறங்குங்க.